குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் போகாத திருச்சிக்காரர் அநேகமாக இருக்க மாட்டார். விளக்கை அணைத்து, வண்டி லால்குடி தாண்டுவதற்குள் பெட்டியில் யாராவது ஒருவர் குறட்டையை ஆரம்பித்துவிடுவார். மற்றவர்கள் புரண்டு புரண்டு படுத்தபடி, "கொடுத்து வைத்த மனுஷன், படுத்த உடனே தூக்கம்" என்று பொருமுவார்கள்.

அந்தக் குறட்டையைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் வேறொரு விஷயம் புலப்படும். சிலருடைய குறட்டை ஒரே சீராக ஓடும். வேறு சிலருக்கு அது மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தில் சட்டென்று நின்றுபோகும். பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும் சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெரிய உறுமல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. இந்த இரண்டாவது ரகம்தான் டாக்டர்கள் "ஸ்லீப் ஆப்னியா" என்று சொல்லும் வியாதியின் அடையாளம். தூக்கத்தில் மூச்சடைப்பு என்று நாம் சொல்லலாம். இவர் கொடுத்து வைத்தவர் இல்லை. பெட்டியில் உள்ள எல்லாரையும்விடக் குறைவாகத் தூங்குகிறவர் அவராகவே இருக்கலாம்.

அந்த மௌனத்தின்போது உள்ளே நடப்பது இதுதான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பாகமும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து காற்று வழியை அடைத்துக்கொள்கின்றன. நெஞ்சு மூச்சை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாய மணி அடித்து ஆளை எழுப்புகிறது. எழுப்புகிறது என்றால் எழுந்து உட்காருவதில்லை. சில விநாடி மட்டும் நீடிக்கும் ஒரு குட்டி விழிப்பு. தொண்டை இறுகி, வழி திறந்து, உறுமலோடு காற்று பாய்கிறது. உடனே மறுபடி தூக்கம். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. நம் அரங்கன் பள்ளிகொண்டிருப்பதை அறிதுயில் என்பார்கள். இவருடையதை அறியா விழிப்பு என்று சொல்ல வேண்டும்.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு முழுக்க நிற்பதையும் பாதியாய்க் குறைவதையும் சேர்த்து, மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசான நிலை, 30க்கு மேல் போனால் கடுமை. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத்தில் 210 தடவை. இருநூறு தடவை தட்டி எழுப்பப்பட்ட ஒருவர் காலையில் எழுந்து, "நன்றாகத்தான் தூங்கினேன், ஆனால் என்னவோ அசதியாகவே இருக்கிறது" என்பார். எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதைவிட, அது எத்தனை தடவை முறிந்தது என்பதுதான் முக்கியம். ஆளே அறியாத இந்த முறிவை எப்படி எண்ணுவது? இதற்கு விடை தேட வைத்தியம் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதைதான் இது.

வியாதியைப் பார்த்தவர்கள் ரொம்பக் காலமாகவே உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்றுகொண்டே தூங்குவான், கூடவே குறட்டையும் விடுவான். 1956இல் ஹார்வர்டைச் சேர்ந்த சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது, அந்தப் பையனை நினைத்து 'பிக்விக்கியன்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நோயாளி 51 வயது வியாபாரி, எடை 119 கிலோ. ஒரு நாள் சீட்டாட்டத்தில் அவர் கைக்கு மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்தன. போக்கரில் அது பெரிய கை. ஆனால் கையில் சீட்டைப் பிடித்தபடியே மனுஷர் தூங்கிவிட்டார்! அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தாராம். பர்வெல் குழுவினர் அவருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள், நுரையீரலைச் சோதித்தார்கள். உடல் பருமனால் மூச்சு மந்தமாகி, கரியமில வாயு தேங்கி, அதனால்தான் மயக்கம் என்று முடிவு கட்டினார்கள். சோதனையெல்லாம் அவர் விழித்திருக்கும்போது நடந்தது. ராத்திரி அவர் எப்படித் தூங்குகிறார் என்பதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ராத்திரியைப் பார்ப்பதற்கான கருவி அதற்கு வெகுகாலம் முன்பே வந்திருந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து, 1929இல் உலகத்துக்குச் சொன்னார். அதுதான் இ.இ.ஜி. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் தூக்கத்துக்குள்ளேயே கண்கள் வேகமாக உருளும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தூக்கம் ஒரே சீரான இருட்டு இல்லை, அதற்குள் படிகள் உண்டு என்று அப்போதுதான் உலகம் ஒப்புக்கொண்டது. 1965இல் பிரான்ஸின் மார்சேய் நகரில் காஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யூங், கூலோ இருவரும் தனித்தனியாகப் பிக்விக் நோயாளிகளைத் தூங்க வைத்து, மூளை அலையையும் மூச்சையும் ஒன்றாகப் பதிவு செய்தார்கள். அந்த மௌனம் அப்போதுதான் காகிதத்தில் ஏறியது. மூச்சு நிற்கிறது, மூளை விழிக்கிறது, மூச்சு வருகிறது. பகல் தூக்கத்துக்குக் காரணம் ராத்திரியில் இருந்தது.

1972இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்த பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தியான் கியெமினோ, குண்டாக இல்லாதவர்களுக்கும் இது வருகிறது என்று காட்டினார். 1976இல் 'ஸ்லீப் ஆப்னியா' என்ற பெயரோடு இதைத் தனி வியாதியாக அவரும் சகாக்களும் எழுதிவைத்தார்கள். அந்த நாளில் இதற்கு இருந்த நிச்சயமான வைத்தியம் ஒன்றே ஒன்று. கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைப்பது. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கில் முகமூடி மாட்டி மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கலாம் என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டினார். இன்று பல வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் 'சிபேப்' மெஷினின் பிறப்பு அதுதான்.

வைத்தியம் சுலபமாயிற்று. சோதனை சுலபமாகவில்லை. தலையில் பசை வைத்து ஒட்டிய கம்பிகள், கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் எங்கும் கம்பிகள், மூக்கடியில் ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை. தெரியாத இடத்தில், தெரியாத கட்டிலில், ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க, "தூங்குங்கள்" என்பார்கள்! பதிவுக் காகிதம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 288 மீட்டர். நம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். ஒரே ஒருவரின் ஒரு ராத்திரித் தூக்கம் நான்கு ராஜகோபுர உயரத்துக்குக் காகிதம். அதை 30 விநாடிக்கு ஒரு பக்கமாக, 960 பக்கங்களையும் ஒருவர் கண்ணால் பார்த்துக் குறி போட வேண்டும். குட்டி விழிப்பு என்றால் என்ன என்பதற்கே 1992இல்தான் பொது விதி வந்தது. மூளை அலையின் வேகம் திடீரென்று மாறி, குறைந்தது மூன்று விநாடி நீடிக்க வேண்டும் என்றார்கள். அப்படியும் ஒரே காகிதத்தை இரண்டு பேர் பார்த்தால் எண்ணிக்கை வேறு வேறாக வரும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சிலருக்குத் தொண்டை முழுக்க அடைபடாது. குறுகலான வழியில் கஷ்டப்பட்டு இழுத்து, களைத்து, விழித்துவிடுவார்கள். மூச்சு நிற்காது, பிராணவாயுவும் அவ்வளவாகக் குறையாது. ஆனால் தூக்கம் மட்டும் சல்லடைக் கண்ணாகியிருக்கும். இதை 1993இல் கியெமினோ தனியாக விவரித்தார். நெஞ்சு எவ்வளவு பாடுபட்டு இழுக்கிறது என்று அளக்க அவர்களுக்குத் தெரிந்த வழி, மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை இறக்கி அங்குள்ள அழுத்தத்தைப் பார்ப்பது. குழாயை விழுங்கிக்கொண்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்? தூக்கத்தை அளக்கும் கருவியே தூக்கத்தைக் கெடுத்தது.

இந்த இடத்தில்தான் நாடிக்கு வேலை வந்தது.

நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் பார்ப்பதை நாம் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். உள்ளே நடப்பது நாடியில் தெரியும் என்பது நமக்குப் புதிய எண்ணமில்லை. தூக்க ஆராய்ச்சிக்காரர்கள் வேறொரு பாதையில் அங்கே வந்து சேர்ந்தார்கள். மூளை ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் நரம்பு மண்டலம் ஒரு உலுக்கு உலுக்குகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, விரல் நுனியின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அப்படியானால் மூளையைத் தொடாமலே விழிப்பை எண்ணலாமே!

முதலில் இதயத்தைப் பார்த்தார்கள். இதயக் கோளாறுக்காக 24 மணி நேரம் மாட்டிக்கொண்டு திரியும் ஹோல்டர் கருவி நம்மில் பலருக்குப் பழக்கமானது. அதன் பதிவில், மூச்சு நிற்கும்போது துடிப்பு மந்தமாகி, மூச்சு திரும்பும்போது படபடப்பதை 1984இல் கியெமினோ குழுவினர் எழுதினார்கள். மேலும் கீழுமாக அலை அலையாக அது ராத்திரி முழுக்க ஓடும்.

அடுத்து 1990களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்ட்ராட்லிங் குழுவினர் நாடி ஓட்டத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். இதயம் துடித்த நொடியை இ.சி.ஜி. சொல்லும். அந்தத் துடிப்பின் அலை விரலுக்கு வந்து சேரும் நொடியை விரல் கிளிப் சொல்லும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய கால் விநாடி. ரத்த அழுத்தம் ஏறினால் குழாய்ச் சுவர் விறைத்து, அலை வேகமாக ஓடி, இந்த நேரம் குறையும். அழுத்தம் இறங்கினால் கூடும். ஒவ்வொரு குட்டி விழிப்பிலும் அழுத்தம் குதிப்பதால், நேரம் சட்டென்று குறைவதை எண்ணினால் விழிப்பை எண்ணியதாகிவிடும். அது மட்டுமில்லை. அடைபட்ட தொண்டையோடு நெஞ்சு இழுக்கும்போது அழுத்தம் மூச்சுக்கு மூச்சு ஊசலாடும். அந்த ஊசலாட்டமும் இதே நேரக் கணக்கில் தெரிந்தது. உணவுக்குழாய்க்குள் குழாய் இறக்கி அறிந்ததைப் பெரும்பாலும் விரலிலேயே அறிய முடிந்தது. 1998இல் அதே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வு, நாடி, உடல் அசைவு போன்ற எளிய குறிகளும் பகல் தூக்கத்தை விளக்குவதில் மூளை அலை எண்ணிக்கைக்கு ஈடு கொடுக்கின்றன என்றது.

1999இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் பெரெட்ஸ் லாவி முதலானோர் விரல் நுனிக் குழாய் சுருங்குவதையே நேரடியாகப் பிடித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் கைக்கடிகாரம் போலக் கட்டி, ஒரு விரலில் உறை மாட்டிப் படுக்கும் வீட்டுச் சோதனை. 2005இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் தாமஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். வெறும் இ.சி.ஜி.யிலிருந்தே இதயமும் மூச்சும் சேர்ந்து ஆடும் விதத்தைக் கணக்கிட்டு, தூக்கம் நிலையாக இருக்கிறதா, அலைக்கழிகிறதா என்று பிரித்துக் காட்டினார்கள்.

இனி நம் எல்லார் வீட்டு மேஜை இழுப்பறையிலும் கிடக்கும் ஒரு சாமானுக்கு வருகிறேன். பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கொரோனா காலத்தில் ஸ்ரீரங்கத்தில் அது இல்லாத வீடு அபூர்வம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தகுவோ அயோயாகி. இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று காது மடலில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்த இடைஞ்சலை நீக்கப் போனவருக்கு, இடைஞ்சலுக்குள்ளேயே பிராணவாயுவின் அளவு ஒளிந்திருப்பது தெரிந்தது. 1974இல் வெளியிட்டார். கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கிளிப்பை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

இதை ராத்திரி முழுக்கப் பதிவாகும் விதமாக மாட்டினால் பிராணவாயு எத்தனை தடவை சரிந்தது என்று எண்ணலாம். மூச்சடைப்பைக் கண்டுபிடிக்க அது மிக மலிவான வழி. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பகலில் மாட்டி 98 வருகிறது என்பதால் ராத்திரி நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பர்வெலின் வியாபாரியைப் பகலில் மட்டும் சோதித்த கதைதான் அது. இரண்டாவது, கிளிப் எண்ணுவது பிராணவாயுச் சரிவை மட்டுமே. சரிவு அதிகம் இல்லாமலே தூக்கம் முறிகிறவர்களை அது தவறவிட்டுவிடும். "ஆக்ஸிஜன் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டு, அசதியோடு வீடு திரும்புகிறவர்கள் இந்த வகையில் இருக்கலாம். எதை எண்ணுகிறோம் என்பதுதான் யார் நோயாளி என்பதை முடிவு செய்கிறது. சரிவை எண்ணும் கருவியோடு முறிவை எண்ணும் கருவியும் வேண்டியிருந்தது இதனால்தான்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2004இல் மும்பையில் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயதுள்ள ஆண்களிடம் வீட்டிலேயே தூக்கச் சோதனை நடத்தினார்கள். 7.5 சதவீதம் பேருக்குப் பகல் அசதியோடு கூடிய மூச்சடைப்பு இருந்தது. அறிகுறியைப் பாராமல் மூச்சுத் தடையை மட்டும் எண்ணினால் 19.5 சதவீதம். ஐந்தில் ஒருவர்! சோதனையை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்ததால் கிடைத்த எண் இது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரின் நகர்ப்புற, கிராமப்புற ஆய்வில், 2010இல் வந்த கட்டுரை, குறட்டை 40 சதவீதம் என்றும், பகல் தூக்கம் 59 சதவீதம் என்றும் சொன்னது. அது கேள்வித்தாள் வழியாக எடுத்த கணக்கு.

கேள்வித்தாளும் கருவிதான். தொடவே வேண்டாத கருவி. 1991இல் மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் மர்ரே ஜான்ஸ் எட்டுக் கேள்விகள் தயாரித்தார். டி.வி. பார்க்கும்போது, சாப்பிட்டு உட்காரும்போது, வண்டியில் போகும்போது கண் அசருமா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2008இல் கனடாவிலிருந்து வந்த இன்னொரு தாளில் கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா என்று ஒரு கேள்வி. சட்டைக் காலர் 16 இன்ச்சு என்று டெய்லர் குறித்திருந்தால் உங்களுக்கும் விடை தெரியும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டைக்குள் எவ்வளவு தெரிகிறது என்று டாக்டர் பார்ப்பாரே, 1985இல் வெளியான அந்த முறை மல்லம்பட்டி என்ற ஆந்திர மருத்துவர் பெயரால் உலகம் முழுக்க வழங்குகிறது. மயக்க மருந்து நிபுணரான அவர் அதை வேறு காரியத்துக்காகத்தான் வகுத்தார். தூக்க டாக்டர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது உடம்பில் எதுவுமே மாட்ட வேண்டாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. படுக்கையே அசைவையும் மூச்சையும் பதிவுசெய்யும் முறையை 1979லேயே பின்லாந்தில் செய்துவிட்டார்கள். அதே வழியில் மெத்தைக்கு அடியில் விரிக்கும் தாளைப் பெங்களூரு நிறுவனம் ஒன்று செய்கிறது. 2024இல் சாம்சங், ஆப்பிள் கடிகாரங்களுக்கும் மூச்சடைப்பு அறிகுறியை எச்சரிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவையெல்லாம் சந்தேகத்தைச் சொல்லும். வியாதி உண்டா, எவ்வளவு என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்குக் குறிப்பாகச் சில விஷயங்கள். ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரை அல்லது புராஸ்டேட் என்றே நினைக்கிறோம். மூச்சடைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அடைபட்ட மூச்சோடு போராடும் இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனை விடுகிறது. மாத்திரை மேல் மாத்திரை சாப்பிட்டும் அடங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னாலும் இது இருக்கக்கூடும். விரல் உறைச் சோதனைக்குப் போகிறவர்கள் பேஸ்மேக்கர் இருந்தாலோ, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, புராஸ்டேட்டுக்கோ அழுத்தத்துக்கோ ஆல்ஃபா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் குழாய் சுருங்குவதையே அந்த மருந்து மாற்றிவிடும். தூக்கம் சரியில்லை என்று தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. எழுப்ப வேண்டிய மூளையை அது எழுப்ப விடாமல் செய்யலாம்.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் முன்னால் இருந்த கருவி, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் அல்லது கணவரின் காதுதான். இன்றைக்கும் டாக்டர் முதலில் கேட்பது "கூட யாராவது வந்திருக்கிறார்களா?" என்றுதான். ஆனால் நம் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் எத்தனை வீடுகளில் ஒருவர் மட்டும் தனியாக இருக்கிறார்? பிள்ளைகள் வெளிநாட்டில், துணை போய்ச் சேர்ந்தாயிற்று. குறட்டையைக் கேட்கவும் ஆளில்லை, அது நிற்பதைக் கேட்கவும் ஆளில்லை. தலையில் இருந்த கம்பி விரலுக்கு இறங்கி வந்ததன் பலன் யாரையும்விட இவர்களுக்குத்தான். பகலில் நாளிதழைப் பிரித்தால் கண் சொக்குகிறது, காலையில் தலை கனக்கிறது என்றால், வயசு என்று ஒதுக்கிவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை வீட்டுக்கே வரும். ஒரு ராத்திரி, ஒரு விரல், அவ்வளவுதான்.

துணையோடு இருப்பவர்கள் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இன்றிரவு கேட்கும்போது குறட்டையின் சத்தத்தை விட்டுவிடுங்கள். அது நிற்கும்போது ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணுங்கள். பத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.